பல்லில்லாதவற்றுக்கு

துலாமழையில் வந்த சோளம்
லாரியிலேயே வியர்த்திருந்தது.
மூடைக்குள் கைவிட்டேன்,
காய்ச்சல்காரன் அக்குள்போல் சூடு.
ஆரல்வாய்மொழி வரைக்கும் நல்ல வெயிலாக்கும் அக்கா,
என்றான் டிரைவர்.
இங்கே வருசத்துக்கு இரண்டு மழை,
இரண்டுக்கும் நடுவில் காயாத ஓர் ஈரம்.
பாக்கிப் பணத்தையும் எண்ணிக் கொடுத்தேன்.

குலசேகரத்திலிருந்து உள்ளே,
ரப்பர்க்காட்டுச் சரிவில் என் கொட்டகை.
இருநூற்றுப் பத்து முட்டைக்கோழி.
பத்தாம் நாள் கொண்டை வெளிறியது.
பதினைந்தாம் நாள்
பதினொன்றைத் தெங்கு மூட்டில் புதைத்தேன்.

டாக்டர் ஆன்சி
தீவனச்சாக்கை விரித்து ஒன்றைக் கீறினாள்.
மஞ்சள் ஈரல்,
தொட்ட விரலுக்கு வெண்ணெய்போல் வழிவிட்டது.
ராத்திரி ஊதா டார்ச்சோடு திரும்பி வந்து
சோளத்தின்மேல் அடித்தாள்.
கரண்டில்லாத கொட்டகையில்
அங்கொன்றும் இங்கொன்றுமாக
பச்சைமஞ்சளாய்ப் பற்றிக்கொண்டன மணிகள்.
கிறிஸ்மஸ் குடிலுக்கு இன்னும் இரண்டு மாதம் கிடக்கிறதே
என்றுதான் முதலில் தோன்றியது.
அழகாயிருந்தது.
சொல்லக் கூச்சப்பட்டேன்.

பூசணம் செத்தாலும் அது துப்பினது சாகாது, என்றாள்.
வறுத்தாலும் போகாது.
உடைந்த மணியை அரித்துத் தள்ளுங்க,
மீதிக்கு ஒன்று செய்து பார்க்கலாம்.

மாறாமலையில் கிராம்பு பறிக்கும் ராஜமோனி
இரண்டு சாக்குக் காம்பு கொண்டுவந்து போட்டான்.
மொட்டுக்குத்தான் விலை,
காம்பு மொட்டைச் சுமந்ததோடு சரி.
சிரட்டைக்கரிக்கு
சுபலெட் நான்கு வீட்டு அடுக்களை ஏறி இறங்கினாள்.
இரண்டையும் மாவு மில்லில் தனித்தனியாய்ப் பொடித்தோம்.
மறுநாள் அந்தத் தெரு முழுக்க
கிராம்பு மணக்கிற புட்டு.
மில்காரர் என்னோடு பேசுவதை நிறுத்தினார்.

காம்பு புதுப் பூசணத்தை மறிக்குமாம்.
கரி, ஏற்கெனவே இறங்கின நஞ்சைக்
கட்டிப்பிடித்து வெளியே இழுத்துப் போகுமாம்.
நடக்குமா என்றேன்.
அதற்குத்தான் குறுக்கே வலை கட்டுங்க, என்றாள்.
வலப்பக்கம் பொடி கலந்த தீவனம்,
இடப்பக்கம் வெறுந்தீவனம்.
முப்பது நாள். தினமும் எழுதணும்.

எழுதினேன்.
வலம்: எச்சம் கறுப்பு. தீனி குறைவு. சாவு ஒன்று.
இடம்: எச்சம் தண்ணி. சாவு இரண்டு.
வலம்: அலகெல்லாம் கரி. தீனி பரவாயில்லை.
இடம்: தோல்முட்டை மூன்று. சாவு இரண்டு.
சந்தையில் டீக்கடை மாதேவன் பிள்ளை
ஆம்லேட்டில் பல்லாஸ்பத்திரி வாடை என்றார்.
கோழிக்குப் பல்வலியா பிள்ளே?
அதையும் எழுதினேன்.

ஒன்பதாம் நாள் அடைமழை.
இடப்பக்கத்துக் கோழிகள்
வலையில் கழுத்தை நுழைத்து
மறுபக்கத்துத் தொட்டியைப் பார்த்து நின்றன.
மணம் பிடித்து நின்றனவா,
நிற்க வேறு இடமில்லாமல் நின்றனவா,
எனக்குத் தெரியாது.
அரிவாளை எடுத்து வலையை அறுத்தேன்.
இரண்டு தொட்டியிலும் கறுப்புத் தீவனம் நிரப்பினேன்.

ஆன்சி நோட்டைப் புரட்டினாள்.
ஒன்பது பக்கத்துக்குப் பிறகு ஒற்றை வரிசை.
இன்னும் மூன்று வாரம் பொறுத்திருந்தால்
நாலு பேருக்குச் சொல்ல ஒரு கணக்கு கிடைத்திருக்கும் அக்கா.
அவள் சத்தம் போட்டிருக்கலாம்.
பேனாவை மூடினாள்,
கையைக் கழுவிவிட்டுப் போனாள்.

அடுத்த வாரம் மழை விட்டது.
புதுச் சோளம் வந்தது, காய்ந்தது, கலகலவென்று.
சாவு நின்றது.
காம்பா, கரியா, வெயிலா
என்று கேட்கிறவர்களுக்கு
என்னிடம் பாதி நோட்டுத்தான் இருக்கிறது.

ராஜமோனியிடம் இன்னும் இரண்டு சாக்கு சொல்லியிருக்கிறேன்.
எடவப்பாதிக்கு முன் வந்துவிடும்.
இந்தத் தடவை
வலையைக் கம்பியில் கட்டணும்.
அரிவாளை
சுபலெட் வீட்டில் கொடுத்து வைக்கணும்.